“நொண்டி வாத்து” டாக்டர் ஆன கதை

லண்டன் நகரத்தில் ஒரு சிறுவன். இரண்டு வயதில் நோய் வந்து அவனுடைய இடது கால் வளைந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் கூடப் படித்த பையன்கள் அவனை “நொண்டி வாத்து” என்று கேலி செய்தார்கள்.

அந்தச் சிறுவன் வளர்ந்து பெரிய டாக்டர் ஆனான். முதலில் தன் காலை நேராக்கிக்கொண்டான். பிறகு மற்றக் குழந்தைகளின் கால்களை நேராக்கினான்.

அதோடு நிற்கவில்லை. சில குழந்தைகளுக்குக் கை கால்கள் கட்டைபோல் விறைத்துப்போகின்றன அல்லவா? அந்தக் கோளாறு கை கால்களில் இல்லை, மூளையில் இருக்கிறது என்று உலகத்துக்கு எடுத்துச் சொன்னான்.

அவர்தான் டாக்டர் வில்லியம் ஜான் லிட்டில். “லிட்டில்” என்ற ஆங்கிலச் சொல்லுக்குச் “சிறிய” என்று பொருள். சிறு குழந்தைகளுக்காக உழைத்தவருக்கு எவ்வளவு பொருத்தமான பெயர்!

விடுதியில் பிறந்தவர்

லண்டனின் கிழக்குப் பகுதியில் ஆல்ட்கேட் என்று ஓர் இடம் இருக்கிறது. அங்கே “ரெட் லயன்” என்ற விடுதி இருந்தது. “சிவப்புச் சிங்கம்” என்று அதற்குப் பொருள். அந்த விடுதியை நடத்தியவர்கள் லிட்டிலின் பெற்றோர். அங்கேதான் 1810-ஆம் ஆண்டு ஆகஸ்டு 7-ந் தேதி லிட்டில் பிறந்தார்.

சிறு வயதில் அவரை நோய்கள் பாடாய்ப் படுத்தின. அம்மை வந்தது. கக்குவான் இருமல் வந்தது. இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்தது. நாம் போலியோ என்று சொல்கிறோமே, அதே நோய்தான்.

இன்று போலியோவுக்குச் சொட்டு மருந்து இருக்கிறது. 2014-இல் இந்தியா போலியோ இல்லாத நாடு என்று சான்றிதழும் பெற்றுவிட்டது. ஆனால் அந்தக் காலத்தில் சொட்டு மருந்து ஏது? ஊசிதான் ஏது? முதல் தடுப்பு ஊசி வந்ததே 1955-இல்தான்.

லிட்டிலின் உயிர் பிழைத்தது. ஆனால் இடது கால் கெட்டது. பாதம் உள்பக்கமாகத் திரும்பிக்கொண்டது. குதிகால் மேலே தூக்கிக்கொண்டது. குதிகால் தரையில் படாது. முன்பாதத்தின் ஓரத்தை ஊன்றித்தான் நடக்க வேண்டும்.

பள்ளிப் படிப்பு

லிட்டில் முதலில் இங்கிலாந்தில் கென்ட் பகுதியில் படித்தான். பிறகு கடல் தாண்டிப் பிரான்சு நாட்டுக்கு அனுப்பப்பட்டான். அங்கே சேன்ட் ஓமர் என்ற ஊரில் பாதிரிமார் நடத்திய பள்ளியில் சேர்ந்தான். பிரெஞ்சு மொழியை நன்றாகக் கற்றுக்கொண்டான்.

மற்றப் பையன்கள் ஓடினார்கள், ஆடினார்கள். அவனால் ஓட முடியாது. கேலியைச் சகித்துக்கொண்டு புத்தகத்தைத் திறந்தான்.

பதினைந்து பதினாறு வயதில் லண்டனுக்குத் திரும்பினான். மருந்து கலந்து கொடுக்கும் வைத்தியர் ஒருவரிடம் தொழில் பழகச் சேர்ந்தான். பிறகு லண்டன் ஆஸ்பத்திரியில் மாணவன் ஆனான். 1832-இல் அரச அறுவை மருத்துவக் கல்லூரியின் உறுப்பினர் பட்டம் கிடைத்தது. அப்போது வயது 21.

டாக்டர் பட்டம் வந்துவிட்டது. ஆனால் கால் கோணல் போகவில்லை. ஊராருக்கு வைத்தியம் செய்கிறவர் நொண்டி நொண்டித்தான் நடந்தார்.

என் காலை யாராலும் நேராக்க முடியாதா? இந்தக் கேள்வி அவர் மனத்தை அரித்துக்கொண்டே இருந்தது.

கத்தி வைக்கப் பயம்

நம் குதிகாலுக்கு மேலே கெட்டியான கயிறுபோல் ஒன்று இருக்கிறது. கையால் தொட்டாலே தெரியும். அதற்குத் தசைநாண் என்று பெயர். கெண்டைக்கால் தசையையும் குதிகால் எலும்பையும் இணைப்பது அதுதான். லிட்டிலுக்கு இந்தத் தசைநாண் சுருங்கிப்போயிருந்தது. அதனால்தான் குதிகால் மேலே இழுத்துக்கொண்டது.

அதை அறுத்துவிட்டால் குதிகால் கீழே இறங்கும் அல்லவா? இந்த யோசனை டாக்டர்களுக்குத் தோன்றாமல் இல்லை. பிரான்சில் டெல்பெஷ் என்ற டாக்டர் 1816-இல் செய்தும் பார்த்தார். ஆனால் புண் சீழ் பிடித்துக்கொண்டது. அவர் அதோடு விட்டுவிட்டார்.

அந்தக் காலத்தில் கிருமிகள்தான் புண்ணைக் கெடுக்கின்றன என்பது டாக்டர்களுக்குத் தெரியாது. கத்தியைக் கொதிக்க வைக்கும் வழக்கம் கிடையாது. சிறிய ஆபரேஷனும் உயிருக்கு ஆபத்தாக முடிந்தது. ஆகையால், தசைநாணில் கத்தி வைப்பது என்றாலே லண்டன் டாக்டர்கள் நடுங்கினார்கள்.

இந்தச் சமயத்தில் ஒரு செய்தி லிட்டிலுக்கு எட்டியது. ஜெர்மனியில் ஹானோவர் நகரத்தில் ஸ்ட்ரோமையர் என்ற டாக்டர் புது முறையைக் கையாளுகிறார், வளைந்த பாதங்கள் நேராகின்றன என்பதுதான் அந்தச் செய்தி.

கால் நேரானது

லிட்டில் ஜெர்மனிக்குப் புறப்பட்டார். பெர்லின் நகரத்தில் பெரிய பெரிய பேராசிரியர்களிடம் பாடம் கேட்டார். அவர்களுக்கும் இந்த ஆபரேஷனில் நம்பிக்கை இல்லை. லிட்டில் மனம் தளரவில்லை. நேராக ஹானோவருக்குச் சென்றார். ஸ்ட்ரோமையரைச் சந்தித்தார். தம் காலையே நீட்டினார்.

1836-ஆம் ஆண்டு ஜூன் 6-ந் தேதி ஆபரேஷன் நடந்தது.

மயக்க மருந்து கிடையாது. அது வந்தது பத்து ஆண்டுகள் கழித்து. லிட்டில் விழித்தபடியே வலியைப் பொறுத்துக்கொண்டார்.

ஸ்ட்ரோமையரின் முறை என்ன? தோலை அகலமாகக் கிழிக்கவில்லை. சிறு துளை மட்டும் போட்டார். அதன் வழியாக மெல்லிய கத்தியை நுழைத்தார். தோலுக்கு அடியிலேயே தசைநாணை அறுத்தார். வெளியே பெரிய காயம் இல்லை. ஆகையால் சீழ் பிடிக்கவில்லை.

பிறகு ஒரு கருவியில் காலை வைத்துக் கட்டினார். நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகப் பாதத்தை நேராகத் திருப்பினார். அறுந்த தசைநாண் நீளமாக வளர்ந்து கூடிக்கொண்டது.

லிட்டில் எழுந்தார். பாதத்தை ஊன்றினார். நினைவு தெரிந்த நாள் முதல் தரையில் படாத குதிகால் தரையைத் தொட்டது!

தம் மகன் ஒருவனுக்கு லூயி ஸ்ட்ரோமையர் லிட்டில் என்று அவர் பெயர் வைத்தார். காலைக் கொடுத்தவருக்கு அவர் செலுத்திய நன்றி அது.

குணமான காலோடு லிட்டில் பெர்லினுக்குத் திரும்பினார். சந்தேகப்பட்டவர்கள் நேரில் பார்த்து வியந்தார்கள். லிட்டில் தாமே அங்கே சுமார் 30 பேருக்கு அந்த ஆபரேஷனைச் செய்தார். வளைந்த பாதத்தைப் பற்றி இலத்தீன் மொழியில் ஆராய்ச்சி எழுதி, 1837-இல் பெர்லினில் டாக்டர் பட்டம் வாங்கினார்.

ஏழைகளுக்கு ஆஸ்பத்திரி

அதே ஆண்டு பிப்ரவரி மாதம் 20-ந் தேதி, லண்டனில் தம் முதல் ஆபரேஷனைச் செய்தார். இங்கிலாந்துக்கு அந்த முறையைக் கொண்டுவந்தவர் அவர்தான்.

கால் வளைந்த குழந்தைகள் லண்டன் தெருக்களில் ஏராளம். அவர்களுக்குத் தனி ஆஸ்பத்திரி வேண்டும் என்று லிட்டில் விரும்பினார். 1838-இல் அதற்கான வேலையைத் தொடங்கினார். 1840-இல் புளூம்ஸ்பரி சதுக்கத்தில் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. பிற்காலத்தில் அது “ராயல்” என்ற பட்டமும் பெற்றது. 1905-இல் வேறொரு ஆஸ்பத்திரியோடு சேர்ந்தது. அந்த வழியில் வந்த எலும்பு மருத்துவமனை இன்றும் இங்கிலாந்தில் பெயரோடு நடக்கிறது.

இதோடு லிட்டிலின் கதை முடிந்திருந்தால், கால் நேராக்கிய டாக்டர் என்று மட்டும் அவர் பெயர் நின்றிருக்கும். ஆனால் அவர் கண்ணில் வேறொன்று பட்டது.

விறைத்த கால்கள்

ஆஸ்பத்திரிக்கு வந்த குழந்தைகளில் சிலர் மற்றவர்களைப்போல் இல்லை.

அவர்களுக்குப் போலியோ வரவில்லை. போலியோ வந்த கால் துவண்டு தொங்கும். இவர்களின் கால்களோ விறைத்துக் கிடந்தன. இரண்டு முழங்கால்களும் ஒட்டிக்கொண்டன. நிறுத்தினால் கால்கள் கத்தரிக்கோல்போல் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. குதிகால் எழும்பி, கால் விரல் நுனியில் நின்றார்கள். சிலருக்குக் கைகளும் விறைத்திருந்தன. சிலருக்குப் பேச்சு குழறியது. எச்சில் வழிந்தது.

தசைநாணை அறுத்தால் கொஞ்சம் நன்மை இருந்தது. ஆனால் விறைப்பு முழுவதும் போகவில்லை. ஏன்? கோளாறு காலில் இல்லையோ?

லிட்டில் தாய்மார்களைக் கேட்கத் தொடங்கினார். குழந்தை எப்படிப் பிறந்தது? மாதம் நிறைந்து பிறந்ததா? பிரசவம் சுலபமாக இருந்ததா? பிறந்தவுடன் அழுததா?

தாய்மார்கள் சொன்ன பதில்கள் ஒன்றுபோலவே இருந்தன. ஒருத்தியின் குழந்தை குறைமாதத்தில் பிறந்தது. இன்னொருத்திக்குப் பிரசவ வலி நெடுநேரம் நீடித்தது. மற்றொருத்தியின் குழந்தை பிறந்தவுடன் அழவில்லை, மூச்சு விடவில்லை. வேறு சில குழந்தைகளுக்குப் பிறந்த சில நாட்களில் இழுப்பு வந்தது.

லிட்டில் எல்லாவற்றையும் எழுதி வைத்தார். ஓர் ஆண்டு, இரண்டு ஆண்டு அல்ல, சுமார் இருபது ஆண்டுகள் எழுதினார். அவர் பார்த்த இப்படிப்பட்ட குழந்தைகள் ஏறக்குறைய 200 பேர்.

1861-ஆம் ஆண்டு

அந்த நாளில் பிரசவ டாக்டர்களிடம் ஒரு நம்பிக்கை இருந்தது. கஷ்டமான பிரசவத்தில் குழந்தை இறந்துபோகலாம். பிழைத்துக்கொண்டால் பிறகு ஒரு குறையும் இராது. இப்படித்தான் நினைத்தார்கள்.

இந்த நம்பிக்கை வந்ததற்குக் காரணம் உண்டு. பிரசவம் பார்க்கிற டாக்டர் குழந்தை பிறந்ததும் போய்விடுவார். அது மூன்று வயதில் நடக்கிறதா என்று அவர் பார்ப்பதில்லை. மூன்று வயதில் பார்க்கிற டாக்டருக்கோ, பிரசவம் எப்படி நடந்தது என்று தெரியாது. இரண்டையும் இணைத்துப் பார்க்க ஆள் இல்லை. அந்த வேலையைத்தான் லிட்டில் செய்தார்.

1861-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி, லண்டன் பிரசவ மருத்துவர் சங்கத்தில் அவர் தம் கட்டுரையைப் படித்தார். 47 குழந்தைகளின் விவரங்களை வரிசையாகக் கொடுத்தார். பிறக்கும் நேரத்தில் மூச்சுத் தடைப்பட்டால் மூளை கெடலாம், அதன் பலனாகக் கை கால் விறைக்கலாம், அறிவும் பாதிக்கப்படலாம் என்று விளக்கினார். குறைமாதக் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் கைகளைவிடக் கால்களே அதிகம் விறைக்கின்றன என்றும் கண்டு சொன்னார்.

இன்னொன்றையும் கவனித்திருந்தார். உடம்பு விறைத்த குழந்தைகள் எல்லாருமே அறிவில் குறைந்தவர்கள் அல்ல. பலருக்குப் புத்தி நன்றாக இருந்தது. உடம்பு ஒத்துழைக்காததால்தான் பேச முடியாமல் இருந்தார்கள்.

கேட்டவர்கள் எல்லாரும் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. தாங்கள் பிரசவம் பார்த்த குழந்தைகளுக்கு இப்படி நேரும் என்று நம்ப அவர்களுக்கு மனம் வரவில்லை. ஆனால் 47 குழந்தைகளின் கதையை யாரால் தள்ளிவிட முடியும்?

கொஞ்சம் கொஞ்சமாக உலகம் அதை ஏற்றது. அந்த நோய்க்கு “லிட்டில் நோய்” என்றே பெயர் வந்தது. இன்று டாக்டர்கள் அதை “செரிபிரல் பால்சி” என்கிறார்கள். தமிழில் மூளை முடக்குவாதம்.

எதிர்த்தவர் யார்?

லிட்டிலுக்குப் பிறகு பல மேதைகள் இந்த நோயை ஆராய்ந்தார்கள். கனடா நாட்டில் பிறந்த டாக்டர் வில்லியம் ஆஸ்லர் 1889-இல் 151 குழந்தைகளைப் பற்றிப் புத்தகம் எழுதினார்.

ஆஸ்திரியாவில் வியன்னா நகரத்து டாக்டர் ஒருவர் 1897-இல் பெரிய நூல் வெளியிட்டார். லிட்டில் சொன்னதை அவர் அப்படியே ஒப்புக்கொள்ளவில்லை. கஷ்டமான பிரசவத்தில் பிறந்த எத்தனையோ குழந்தைகள் நன்றாக இருக்கிறார்களே என்று கேட்டார். வயிற்றில் இருக்கும்போதே குழந்தையின் மூளையில் கோளாறு ஏற்பட்டிருக்கலாம், அதனாலேயே பிரசவமும் கஷ்டமாகியிருக்கலாம் என்றார்.

அந்த டாக்டர் யார் தெரியுமா? கனவுகளையும் மனத்தையும் ஆராய்ந்து பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற சிக்மண்ட் பிராய்டு!

யார் சொன்னது சரி? அப்போது முடிவு சொல்ல வழியில்லை. உயிரோடு இருக்கும் குழந்தையின் மண்டைக்குள் எட்டிப் பார்க்க எந்தக் கருவியும் இல்லை.

கடைசிக் காலம்

லிட்டில் 1863 வரை லண்டன் ஆஸ்பத்திரியில் டாக்டராக இருந்தார். 1884-இல் தொழிலை விட்டு ஓய்வு பெற்றார். கென்ட் பகுதியில் வெஸ்ட் மாலிங் என்ற ஊரில் 1894-ஆம் ஆண்டு ஜூலை 7-ந் தேதி காலமானார். 84 வயது நிறைய ஒரு மாதம் பாக்கி இருந்தது.

அவர் மகன் எர்னஸ்ட் மூர்ஹெட் லிட்டிலும் எலும்பு வைத்தியத்தில் பேர் பெற்றவர். 1918-இல் பிரிட்டிஷ் எலும்பு மருத்துவர் சங்கம் தொடங்கியபோது அதன் முதல் தலைவர் அவர்தான்.

லிட்டில் இறந்த மறு ஆண்டு, 1895-இல், ராண்ட்ஜன் என்ற ஜெர்மன் விஞ்ஞானி எக்ஸ்ரே கதிரைக் கண்டுபிடித்தார். வாழ்நாள் முழுவதும் எலும்புகளோடு பழகியவர், எலும்பின் படத்தை ஒருமுறைகூடப் பார்க்காமல் போய்விட்டார்.

மண்டைக்குள் ஒரு ஜன்னல்

எக்ஸ்ரே எலும்பைக் காட்டும். மண்டை ஓட்டைக் காட்டும். உள்ளே இருக்கும் மென்மையான மூளையைச் சரியாகக் காட்டாது. அதற்கு உலகம் இன்னும் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

1971-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தேதி, லண்டனில் ஒரு நோயாளியின் மூளை முதல் முறையாக சி.டி. ஸ்கேன் கருவியில் படம் எடுக்கப்பட்டது. அந்தக் கருவியை உருவாக்கியவர் ஹவுன்ஸ்பீல்டு என்ற இன்ஜினீயர். லிட்டில் வாழ்ந்த அதே லண்டனில்தான் இது நடந்தது.

அடுத்து வந்தது அல்ட்ரா சவுண்ட் ஸ்கேன். இது குழந்தைகளுக்கு ஒரு வரப்பிரசாதம். ஏன் என்று கேளுங்கள்.

கைக்குழந்தையின் தலையில் எண்ணெய் வைக்கும்போது உச்சிக்குழி மெத்தென்று இருக்கும். அங்கே எலும்பு இன்னும் மூடவில்லை. தாய்மார்கள் அந்த இடத்தைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வார்கள். டாக்டர்களுக்கு அந்த உச்சிக்குழியே ஜன்னல் ஆனது! அங்கே கருவியை மெதுவாக வைத்தால் ஒலி அலைகள் உள்ளே சென்று மூளையின் படத்தைக் கொண்டுவருகின்றன. வலி இல்லை. கதிர்வீச்சு இல்லை. குழந்தையை இடம் மாற்ற வேண்டியதும் இல்லை. 1970-களின் கடைசியில் இந்த முறை பரவியது.

1980-களில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் வந்தது. பெரிய காந்தத்தின் உதவியால் எடுக்கும் படம் அது. மூளையின் நுணுக்கமான பகுதிகளையும் காட்டும். குழந்தை அசையாமல் இருக்க வேண்டுமே, என்ன செய்வார்கள்? பால் கொடுத்து, துணியில் இதமாகச் சுற்றி, தூங்க வைத்துவிடுவார்கள். காதில் சத்தம் கேளாமல் பாதுகாப்பும் செய்வார்கள். பல குழந்தைகள் தூங்கிக்கொண்டே படம் எடுத்துக்கொள்கின்றன.

யார் சொன்னது சரி?

படங்கள் வந்த பிறகு பழைய வழக்குக்குத் தீர்ப்புக் கிடைத்தது.

குறைமாதக் குழந்தைகளுக்குக் கால்கள்தான் அதிகம் விறைக்கின்றன என்று லிட்டில் சொன்னார் அல்லவா? அதன் காரணம் ஸ்கேனில் தெரிந்தது. மூளையின் நடுவே நீர் நிறைந்த அறைகள் இருக்கின்றன. கால்களுக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்பு இழைகள் அந்த அறைகளை ஒட்டியே இறங்குகின்றன. கைகளுக்குப் போகும் இழைகள் சற்று விலகி இருக்கின்றன. குறைமாதக் குழந்தையின் மூளையில் மிகவும் எளிதாகக் கெடும் இடம் அந்த அறைகளின் ஓரம்தான். அதனால்தான் கால்கள் முதலில் பாதிக்கப்படுகின்றன. லிட்டில் கண்ணால் கண்டதை நூறு ஆண்டுகளுக்குப் பிறகு கருவி உறுதி செய்தது.

மாதம் நிறைந்து பிறந்து, மூச்சுத் தடைப்பட்ட குழந்தைகளுக்கு மூளையின் ஆழத்தில் உள்ள வேறு பகுதிகள் கெடுவதும் படத்தில் தெரிந்தது.

பிராய்டு சொன்னதும் முழுப் பொய் அல்ல. அமெரிக்காவில் 50 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களைக் கவனித்து எழுதி வைத்திருந்தார்கள். 1986-இல் அந்தக் கணக்கை ஆராய்ந்தபோது, மூளை முடக்குவாதம் வந்த குழந்தைகளில் பெரும்பாலோருக்குப் பிரசவத்தில் ஏற்பட்ட மூச்சுத் தடையைக் காரணமாகச் சொல்ல முடியவில்லை. வயிற்றில் இருக்கும்போதே தொற்று, இரத்த ஓட்டக் கோளாறு, மூளை வளர்ச்சியில் பிசகு என்று பல காரணங்கள் உண்டு. பிறந்த பிறகு கடுமையான மஞ்சள் காமாலை, மூளைக் காய்ச்சல் ஆகியவையும் காரணம் ஆகலாம்.

இதில் தாய்மார்களுக்கு ஒரு பெரிய ஆறுதல் இருக்கிறது. குழந்தை இப்படிப் பிறந்துவிட்டால், வீட்டில் யார்மேல் பழி விழுகிறது? பெற்றவள்மேல். கிரகணத்தில் வெளியே போனாள் என்பார்கள். சொன்ன பேச்சுக் கேட்கவில்லை என்பார்கள். முன் ஜன்மத்துப் பாவம் என்றும் சொல்வார்கள். இவற்றில் ஒன்றுக்கும் ஆதாரம் இல்லை. தாயிடம் லிட்டில் விவரம் கேட்டார், குற்றம் சாட்டவில்லை. நாமும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

வளரும் மூளை

பிறந்த குழந்தையின் மூளை, பெரியவர் மூளையில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். முதல் ஆண்டு முடிவதற்குள் அது ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடுகிறது! இதை ஸ்கேன் படங்கள் அளந்து காட்டியிருக்கின்றன.

வளர்கிற மூளைக்கு ஒரு சக்தி உண்டு. ஒரு பாதை அடைபட்டால் வேறு பாதை தேடும். பெரும்பாலோருக்குப் பேச்சு மூளையின் இடது பக்கத்தில் இருக்கிறது. பிறக்கும் தறுவாயில் இடது பக்கம் கெட்ட குழந்தைகள் சிலரிடம், வலது பக்கம் பேச்சு வேலையை ஏற்றுக்கொள்வதைப் படங்களில் பார்த்திருக்கிறார்கள். பெரியவர்களுக்குப் பக்கவாதம் வந்தால் இந்த அளவுக்கு நடப்பதில்லை.

எல்லாம் சரியாகிவிடும் என்று இதற்குப் பொருள் அல்ல. கெட்ட மூளைப் பகுதியை மறுபடி உண்டாக்கும் மருந்து கிடையாது. ஆனால் சிறு வயதிலேயே பயிற்சி தொடங்கினால் குழந்தை அதிகம் கற்றுக்கொள்ளும். படத்தில் கறை தெரிகிறது என்பதற்காக நம்பிக்கையை விட்டுவிடக் கூடாது. ஒரேமாதிரிப் படம் உள்ள இரண்டு குழந்தைகள் இரண்டு விதமாக வளர்வதும் உண்டு.

குளிர்ச்சி வைத்தியம்

மூச்சுத் தடைப்பட்ட குழந்தையைக் காப்பாற்ற ஒரு புது வைத்தியமும் வந்திருக்கிறது. பிறந்த 6 மணி நேரத்துக்குள் உடம்பைச் சுமார் 33, 34 டிகிரி சென்டிகிரேடுக்குக் குளிர வைத்து, 72 மணி நேரம் அப்படியே வைத்திருக்கிறார்கள். மூளை கெடுவதை இது குறைக்கிறது என்று பணக்கார நாடுகளில் நடந்த சோதனைகள் 2005 முதல் காட்டின.

ஆனால் இந்தியா, இலங்கை, வங்காள தேச ஆஸ்பத்திரிகளில் நடந்த ஒரு பெரிய சோதனையின் முடிவு 2021-இல் வந்தபோது கதை மாறியது. அந்தக் குழந்தைகளுக்குக் குளிர்ச்சி வைத்தியத்தால் நன்மை கிடைக்கவில்லை. சாவும் கூடியது. ஓர் ஊரில் பலித்த மருந்து இன்னோர் ஊரில் பலிக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. பார்த்து, எண்ணி, எழுதி, பிறகே முடிவு செய்ய வேண்டும். இதுவும் லிட்டில் காட்டிய வழிதான்.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை

உலகில் ஆயிரம் குழந்தைகளுக்குச் சுமார் இரண்டு பேருக்கு மூளை முடக்குவாதம் இருக்கிறது. சீக்கிரம் கண்டுகொள்வது நல்லது.

நாலு மாதம் ஆகியும் தலை நிற்கவில்லையா? ஒன்பது மாதம் ஆகியும் குழந்தை தானாக உட்காரவில்லையா? தூக்கும்போது கால்கள் விறைத்து, கத்தரிபோல் பின்னிக்கொள்கின்றனவா? கைகள் எப்போதும் இறுக மூடியே இருக்கின்றனவா? ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் நீட்டி, மறு கையைச் சும்மா வைத்திருக்கிறதா?

இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். பயப்பட வேண்டாம். சில குழந்தைகள் சற்றுத் தாமதமாகவே வளரும். ஆனால் தானாகச் சரியாகும் என்று மாதக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டாம். பிறந்தவுடன் அழாத குழந்தை, குறைமாதக் குழந்தை, இழுப்பு வந்த குழந்தை, கடுமையான காமாலை வந்த குழந்தை ஆகியோரை இன்னும் அதிகமாகக் கவனிக்க வேண்டும்.

கர்ப்பிணிகள் மாதந்தோறும் பரிசோதனைக்குப் போக வேண்டும். பிரசவம் ஆஸ்பத்திரியில் நடக்க வேண்டும். கையில் உள்ள பிரசவக் குறிப்புச் சீட்டைத் தூக்கி எறியக் கூடாது. குழந்தை எப்போது அழுதது, எடை எவ்வளவு என்ற விவரம் பிற்காலத்தில் உதவும். லிட்டில் இருபது ஆண்டுகள் தேடி அலைந்தது அந்த விவரத்தைத்தான்.

குதிகால் தரையைத் தொட்டது

“நொண்டி வாத்து” என்று அழைக்கப்பட்ட சிறுவன், தன் கால் நேரானதும் தன் வேலை முடிந்தது என்று போய்விடவில்லை. தன்னைப்போல் ஆபரேஷனால் குணமாக முடியாத குழந்தைகளையே அதிக காலம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்களுடைய தாய்மார்கள் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டார்.

இன்று ஸ்கேன் கருவி ஒரு குழந்தையின் மூளையைப் படம் எடுக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தாயை டாக்டர் கேட்கும் முதல் கேள்வி என்ன தெரியுமா?

குழந்தை பிறந்தவுடன் அழுததா?

டாக்டர் லிட்டில் கேட்ட அதே கேள்விதான்.